முன்னங்கால்

சனிக்கிழமை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும்.
நாலு மணிக்கு அடுத்தவர் வந்துவிடுவார்.
இடையில் உள்ள ஆறு மணி நேரம் என்னுடையது:
வாளி, துடைப்பம்,
சோபா மடிப்புகளில் போன வாரத்து நாயின் முடி.

நார்ஃபோக்கில், சாலை சதுப்புக்குள் இறங்கித்
தொலைந்துபோகும் இடத்தில் இந்த வீடு.
நாய்களுக்கு அனுமதி உண்டு, தலைக்கு இருபது பவுண்ட்.
கதவருகே சேறு துடைக்கப் பழைய துண்டுகள்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் வந்தவர் மிஸ்டர் ஆலரன்ஷா,
ஷெஃபீல்டிலிருந்து.
கழுத்தில் பைனாகுலர், தோளில் முக்காலி,
பின் இருக்கையில் புள்ளிபுள்ளியாய் ஒரு கிழட்டுப் பாயிண்டர்.
"நெட்டில்" என்றார். காஞ்சொறி.
தொட்டால் அரிக்குமா என்றேன். அவர் சிரிக்கவில்லை.
தம்பியின் நாயாம். தம்பி அக்டோபரில் போய்விட்டாராம்.
உயில் வழியே வந்த பியானோவை
எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார்.

முதல் நாளே கால்நடை மருத்துவரின் எண் கேட்டார்.
முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது,
முள் இல்லை, அழுத்திப் பார்த்தேன், முனகவும் இல்லை.
மருத்துவரும் ஒன்றுமில்லை என்றார்,
வயதுக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்.
அறுபத்திரண்டு பவுண்ட்.

அவர் வந்தது பெருங்குருகைப் பார்க்க.
விடியுமுன் பலகைப் பாதையில் நடந்து
மறைகுடிலில் போய் உட்காருவார்.
அங்கே நாய்க்கு இடமில்லை.
நெட்டில் வீட்டில், மூக்கு ஜன்னலில்.
அவர் நாணலைப் பார்த்தார்.
நாணல் அவரைப் பார்த்தது.
ஆறு நாள்.
சேற்றுப் பூனைப்பருந்து கிடைத்தது, தாடிக்குருவிகள் கிடைத்தன,
வியாழன் இரவு, காலி பாட்டில் வாயில் யாரோ ஊதியதுபோல
தூரத்தில் ஒரு சத்தம். அவ்வளவுதான்.
பார்த்தீர்களா என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்,
பரீட்சை எழுதி வந்த பிள்ளையிடம்
முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் விடுவோமே, அப்படி.

சனி, ஒன்பதே முக்கால்.
வண்டியில் எல்லாம் ஏறிவிட்டது, நெட்டில் ஏறவில்லை.
குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னே ஓடும் வாய்க்காலை நோக்கி
நீட்டிய மூக்கு, நீட்டிய வால்,
மடங்கிய முன்னங்கால்.
"பாருங்கள், மறுபடி வலி" என்று
அவர் கோட்டுப் பையில் மாத்திரை தேடினார்.

என் அப்பா எஸ்டேட் வேட்டைகளில்
புதர் தட்டும் கூலிக்குப் போனவர்.
அந்தக் காலை எட்டு வயதில் பார்த்திருக்கிறேன்.
"வலி இல்லை" என்றேன். "உங்களுக்குக் காட்டுகிறது."

முதலில் காய்ந்த நாணல்தான்.
பிறகு நாணல்களில் ஒன்றுக்குக் கண் இருந்தது.
கழுத்தை வானுக்கு நிறுத்தி,
மற்றத் தண்டுகள் ஆடும் அளவே காற்றுக்கு ஆடி,
நான் இங்கே இல்லை என்று
முழு உடம்பாலும் பொய் சொல்லிக்கொண்டு
ஒரு குருகு.
இந்தப் பக்கம் பச்சைத் தொட்டி, அந்தப் பக்கம் பாட்டில் தொட்டி.

பைனாகுலர் வண்டியில், பூட்ஸ்களுக்கு அடியில்.
வேண்டியிருக்கவும் இல்லை. பன்னிரண்டு அடி இருக்கும்.
வாளியைக் கீழே வைத்தால் சத்தம் வரும்,
கைப்பிடி விரலை அறுக்க அறுக்கப் பிடித்திருந்தேன்.
நெட்டிலின் கால் நடுங்கியது, இறங்கவில்லை.
எதற்கோ காத்திருந்தது.
துப்பாக்கிச் சத்தத்துக்கு என்று எனக்குத் தெரியும்,
அவருக்கும் அப்போது தெரிந்திருக்கும்.
முட்டி மடக்கிக் குனிந்தார், மிக மெதுவாக,
அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

பத்தரைக்குக் கிளம்பினார்கள்.
தாமதக் கட்டணம் நான் கேட்கவில்லை.
விருந்தினர் ஏட்டில் நாற்பத்தொரு பறவைகள், பொடி எழுத்தில்.
கடைசி வரி:
பெருங்குருகு, ஒன்று. கண்டது நெட்டில்.

ஜன்னல் கண்ணாடியில் மூக்குத் தடங்கள்,
என் முழங்கால் உயரத்தில்,
எல்லாமே வாய்க்கால் பக்கத்து ஓரத்தில்.
திங்கள் முதலே இருந்திருக்கிறது.
வினிகரும் செய்தித்தாளும் எடுத்துவந்து
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பிறகு துடைத்தேன்.
நாலு மணிக்கு இரண்டு டாக்ஸ்ஹுண்டுகள்.