யார் வரணும், எங்கேருந்து

போனை எடுத்ததும் நான் கேட்பது
இறந்தவர் பேரை அல்ல.
யார் வரணும், எங்கேருந்து.

கத்தார் என்றால் ஒரு ராத்திரி.
சிங்கப்பூர், விடிவதற்குள் வந்துவிடுவார்கள்.
லண்டன், டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து.
கனடாவா, அப்போ பெரிய கம்ப்ரசர் பெட்டி,
கூடவே ஜெனரேட்டர், டீசல் அவர்கள் செலவு.
காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை.
நான் விமானம் ஏறியதில்லை.

போன புதன் இருட்டும் நேரம்
ஒண்டிக்குப்பத்தில் கஜபதி.
ஐஸ் உடைத்த தோள், பெட்டிக்குள் இடித்தது,
கொஞ்சம் சாய்த்துத்தான் படுக்க வைத்தோம்.
மகள் ஏகவல்லி ஆக்லாந்தில்.
அண்ணன் மகன் செல்போனை நீட்டினான்:
பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டர்,
வளைந்த ஒரு கோடு.
இந்தக் கோட்டில் எவனும் பறப்பதில்லை தம்பி.
சிங்கப்பூர்வரைக்கும் பத்தே முக்கால்,
அங்கே நாற்காலியில் ஐந்து,
அப்புறம் நாலு.
மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டால் வந்ததாகுமா?
முப்பது கிலோமீட்டர்தான்,
ஒரு மணி நேரம் என்கிறது போன்.
எண்ணூர் சாலையில் நிற்கிற கன்டெய்னர்களை
அது எண்ணியதே இல்லை.

வியாழன் ராத்திரி கரண்ட் போனது, இரண்டு தடவை.
ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் ஒப்பாரி.
நடுநடுவே நிறுத்திவிட்டு
எங்கே வருது என்று கேட்டார்கள்.
திரையில் மஞ்சள் விமானம், ஈ ஊர்கிற மாதிரி.
பையன்கள் தூங்கவில்லை.
காலையில் அந்தமானைத் தாண்டியது,
பிறகு கடல், கடல்,
பிறகு நிஜமாகவே ஒரு சத்தம்.
அதான், அதான் என்று
தெருவே தலையைத் தூக்கியது.
வேறு விமானமாகவும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மூன்று மணி பத்து நிமிடம்.
காசிமேட்டில் காரை விட்டு இறங்கி
லாரிகளுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து,
பாதி வழியில் யாரோ பைக்கில் ஏற்றி
வந்து சேர்ந்தாள்.
அழவில்லை. கண்ணாடியில் படிந்த ஈரத்தை
ஸ்வெட்டர் கையால் துடைத்தாள்.
எத்தனை டிகிரி என்றாள்.
மூணும்மா.
எங்க கம்பெனியில மீனுக்கே மைனஸ் பதினெட்டு என்றாள்.
அதைச் சொன்ன பிறகுதான் உடைந்தாள்.

சாயங்காலம் பில் எழுதினேன்,
புதன், வியாழன், வெள்ளி.
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்,
இன்னும் மாற்றியிருக்கவில்லை.
சனிக்கிழமை ஆயிடுச்சே அண்ணா.
உங்க ஊர்லம்மா, என்றேன்.
சரி என்று எண்ணிக் கொடுத்தாள்,
பத்து டாலர் நோட்டு ஒன்று
நடுவில் ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டியைக் கழுவி வண்டியில் ஏற்றினோம்.
டோல்கேட்டில் அதே லாரிகள், அதே வால்.
போன் அடித்தது.
யார் வரணும், எங்கேருந்து?
யாரும் வரவேண்டியதில்லை, எல்லாரும் இங்கேயேதான்,
தண்டையார்பேட்டை, நேதாஜி நகர்.
அப்புறம் பெட்டி எதுக்குங்க?
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
இந்த ஒரு ராத்திரி
கூட இருக்கட்டும்னுதான்.