தொழில் என்ற கட்டம்

ஏப்ரலில் குடிக்கணக்கு எடுக்கப் போனேன், இனிஷ்டாரவ் தீவுக்கு.
காவல்துறைச் சட்டை, தோல்பை, மைக்கூடு.
உள்நாட்டுக்காரன் நான். பாதி வழியிலேயே
காலையில் குடித்ததைக் கடலுக்குக் கொடுத்தாயிற்று.

துறை என்று ஒன்று கிடையாது. வழுக்குப் பாறை,
அதன்மேல் ஒரு மனிதர், கையில் கயிறு.
வீசினார். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. மறுபடி வீசினார்.
மூன்றாம் முறை படகோட்டி எட்டிப் பிடித்துக்கொண்டு
காதருகே சொன்னான்: "தொப்பியைக் கழற்று. அவர்தான் அரசர்."

முழங்கால்வரை நனைந்த கம்பளிக் கால்சட்டை.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
முரசில்லை, குடையில்லை,
கோல் என்று பார்த்தால் ஆடு ஓட்டும் தடி,
அதுவும் இரவல் என்று பிறகு தெரிந்தது.

பதினான்கு வீடு. எல்லாவற்றுக்கும் கூடவே வந்தார்.
வயது கேட்டால் ஒரு கிழவர்
"பெரிய காற்று அடித்த இரவில் பிறந்தேன்" என்பார்;
அரசர் விரல்மடக்கி எனக்கு எண் சொல்வார்.
நடக்க நடக்க ராஜ்ஜியம் புரிந்தது.
புயல் ஒதுக்கும் கடற்பாசியை அவர்தான் பங்கிடுவார்,
வீட்டுக்கொரு கூழாங்கல் தொப்பியில் போட்டு,
சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்லி.
அவர் கல் தொப்பிக்குள் போவதில்லை.
மிஞ்சுவது அவருக்கு; மிஞ்சுவதில் பாதி மணல்.
அக்கரைக் கடிதங்களைப் பிரித்து வாசிப்பார்,
குத்தகைக் கடிதமானால் முதலில் இருமிக்கொள்வார்.
விடியலில் மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்து
போகலாம் என்பார், அல்லது வேண்டாம் என்பார்.
அதற்கு மேல் ஆணை எதுவும் அவரிடம் இல்லை.

அவர் வீடு கடைசி.
பெயர், ஃபெய்கீன் ஓ மீலான். வயது ஐம்பத்தெட்டு.
மணமாகாதவர். வாசிக்கத் தெரியும்.
தொழில்?
"மீன்பிடி," என்றார்.
பேனாவை நனைத்தேன்.

"பொய் எழுதாதே."
வாசலில் நாப்லா. ஏழாம் எண் வீடு.
காலையில்தான் அவளை எழுதியிருந்தேன்: விதவை, முப்பத்தொன்று.
"அரசர் என்று எழுது."
மரியாதைக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்கு இன்றும் காது சுடுகிறது.

"நவம்பரில் ஒரு காலை, போகலாம் என்றார்.
போனார்கள். என் மெய்லர் திரும்பவில்லை.
இவர் வெறும் மீன்காரர் என்றால்
என் புருஷன் தானாகப் போய்ச் செத்தவன்.
கடல் கொண்டது, காற்று கொண்டது என்று ஆகிவிடும்.
ஒருவர் சொல்லித்தான் போனான்.
சொன்னவர் இன்னார் என்று
காகிதத்தில் இருக்கட்டும்."

அடுப்பில் கரிமண் கட்டி ஒன்று சரிந்தது.
அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார்,
மறுபடி அங்கேயே வைத்தார். மூன்று விரல்.
"எழுதுங்கள்," என்றார்.

எழுதினேன்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
மை காயும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மாவட்ட அலுவலகத்தில் என் மேலதிகாரி
ராஜா ஒருவர்தான், அவர் லண்டனில் இருக்கிறார் என்று
சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து
மேலே எழுதினார்: மீனவர்.
கோடு மெல்லியது. கீழே இருப்பதை வாசிக்கலாம்.
கட்டுகள் டப்ளினுக்குப் போகுமுன்
இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், காரணமில்லாமல்.

அன்று திரும்புகையில்
கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார்: "மொத்தம் எத்தனை?"
"எழுபத்தொன்பது."
"ஜூலையில் எண்பது," என்றார்,
ஏழாம் எண் வீட்டுப் பக்கம் பார்க்காமல்.
பிறகு கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தார்.
என் மடியில் வந்து விழுந்தது, ஈரமாக,
நான் நினைத்ததைவிடக் கனமாக.