பேரம்

முதலில் சீஸ் கொடுத்துப் பார்த்தேன்.
மூன்று இரவு பிரீனாவின் வயிற்றில் இடி உருண்டது.
வெளியே மழை. கதவைப் பிறாண்டுவாள்.
குடையை அவளுக்குப் பிடித்து
நான் நனைந்தேன்.

லிவியோ கோட்டுப் பையிலிருந்து
புகைபோட்ட சாசேஜை நீட்டினான்:
"நாய்தானே நெவெங்கா, கல்லும் செரிக்கும்."
கல் செரித்திருக்கும்.
விரிப்பைத் துவைத்தவள் நான்.

மோட்டோவுன் கடையில் பளபளவென்று பொட்டலங்கள்.
பின்பக்க எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.
படித்த பிறகு வாங்கத் தைரியம் வேண்டும்.

கடைசியில்
உப்பில்லாமல் வெந்த வான்கோழி,
சுண்டுவிரல் நகமளவு நறுக்கி,
அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தியது.
முதல் நாள் இரண்டே துண்டு.
மறுநாள் காலை
புல்லில் அவள் விட்டுப் போனதைக்
குனிந்து பார்த்தேன்,
ஜோசியம் பார்ப்பவளைப் போல.
கெட்டியாக இருந்தது. ஐந்தாக்கினேன்.

இன்று மிர்னா ஆற்றோரக் காட்டில்
ஓக் மரத்தடியில் மூக்கு நின்றது.
முன்கால்கள் ஈர மண்ணை வாரின.
கைப்பிடியளவு வெள்ளை டிரஃபிள்.
என் குளிர்கால விறகு மொத்தமும் அதற்குள் இருந்தது.

அதை உள்ளங்கையில் போட்டுவிட்டு
அண்ணாந்து பார்க்கிறாள்,
நகமளவு வான்கோழிக்கு.

"ஏமாளி" என்று லிவியோ சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
பேரம் பேசத் தெரியாதவளுக்கு
சரக்காவது சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொரு துண்டும் கொடுத்தேன்.

இரவு மறுபடி நல்ல மழை.
கதவை யாரும் பிறாண்டவில்லை.