முந்நூறு ஓம்

மைனஸ் பதினொன்று: நான்கு நொடி.
மைனஸ் பத்தொன்பது: ஒன்பது.
மைனஸ் இருபத்தாறு: பதினான்கு, நிறுத்தி, மறுபடி பதினொன்று,
பிறகு ஒரு தும்மல், கரும்புகை, ஓட்டம்.
ரொட்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இப்படித்தான் போயிற்று நரினில் என் டிசம்பர்.

ஆடி எண்பது.
எண்பது வயதில்லை, இருமல் மட்டும் அப்படி.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் நூற்றிருபது ரொட்டி
துணிக்கடியில் ஆறிக்கொண்டிருக்க
சாவியைத் திருப்பிப் பிடித்தபடி
நான் எண்ணுவேன்.

பேட்டரி என்றான் பக்கத்து வீட்டு ஜாங்கோரோஸ்.
அவனுக்குப் பல்வலி வந்தாலும் பேட்டரிதான்.
ஒரு வாரம் அதைக் கழற்றி
அடுப்புப் பக்கம் தூங்கவைத்தேன்.
பானட்டுக்குக் கம்பளி போர்த்தினேன்.
மீட்டர் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது, குறையில்லை.
ஸ்டார்ட்டரும் சுற்றியது.
சுற்றுகிறது, பற்றவில்லை. இதுதானே நோய் என்றேன்.
யார் கேட்டார்கள்?
கடைசியில் புதுசு ஒன்று வாங்கிப் போட்டேன்,
ஊர் வாய்க்கும் ஒரு விலை கொடுக்கத்தானே வேண்டும்.
மறுநாள் காலை: பதினைந்து நொடி.

பெட்ரோலில் தண்ணீர் என்றாள் பங்க்கில் சைராகுல்.
ஸ்பிரிட் ஊற்றினேன். குடித்தது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, ரொட்டி இல்லாத விடியல்.
நாலு பிளக்கையும் கழற்றி
ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன்.
பொறி வருகிறது. பம்ப் முனகுகிறது.
ஆனால் பிளக்கெல்லாம் காய்ந்த நாக்கு.
பதினான்கு நொடி கெஞ்சியும்
வாய் நனையவில்லை.
மதியச் சூட்டில் தொட்டால் கிளம்புகிற வண்டி
குளிர்ந்தால் மட்டும் பட்டினி.
பசி என்று சொல்லத் தெரியாமல் கிடக்கிறதா,
பசியில்லை என்று யாரோ இடையில் சொல்கிறார்களா?

எஞ்சின் தலைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயில்,
கட்டைவிரல் அளவு ஒரு சென்சார்.
உறையைக் கழற்றிக் கைவிட்டேன்,
இரும்பு தோலைக் கேட்டது, கொஞ்சம் கொடுத்தேன்.
மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன்.

முந்நூறு ஓம்.

இந்தக் குளிருக்கு இருபதாயிரம் காட்ட வேண்டும்.
முந்நூறு என்றால் எண்பது டிகிரி. தேநீர்ச் சூடு.
என் மூக்கு மயிர் உறைந்து ஊசியாய்க் குத்துகிறது,
இது சொல்லிக்கொண்டிருக்கிறது:
இங்கே கதகதப்பாக இருக்கிறது, கவலைப்படாதே.
கம்ப்யூட்டரும் பாவம், நம்பி,
சூடான வயிற்றுக்கு இது போதும் என்று
சொட்டை அளந்து சுருக்கியிருக்கிறது.
எத்தனை காலை.

இணைப்பைப் பிடுங்கினேன்.
பொய் நின்று வெறும் மௌனம் போனதும்
கம்ப்யூட்டர் பயந்துவிட்டது போல.
பெட்ரோலை வாரி ஊற்றியது.
மூன்றே நொடி!
தெருக்கோடி நாய் வரை எழுந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸில் பிஷ்கெக்கிலிருந்து
புது சென்சார் வந்தது, ஒரு தட்டு ரொட்டி விலை.
"பார்த்தாயா புருல்,
புது பேட்டரி இப்போதுதான் பிடிக்கிறது" என்றான் ஜாங்கோரோஸ்.
தலையாட்டினேன். அவன் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

பழைய சென்சார் ஆஷ்ட்ரேயில் கிடக்கிறது.
தூக்கிப்போட மறக்கிறேன்.

அன்றிரவு சுர்குத்திலிருந்து ஷாமிர்பெக் கூப்பிட்டான்.
ஷிப்ட் முடிந்ததாம். சாப்பிட்டானாம்.
அங்கே குளிர் எப்படி என்றேன்.
குளிரா, ஹாஸ்டலில் ஹீட்டர் கொதிக்கிறது,
வெறும் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன் என்றான்.
சொற்களுக்கிடையே மூச்சு துண்டு துண்டாக வந்தது.
அவனுக்குப் பின்னால், மிக அருகில்,
ஒரு லாரி ஸ்டார்ட்டர் சுற்றியது.
சுற்றியது, பற்றவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஏதோ கேட்டான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வரை வந்தேன்.