கையிருப்பு

எண்பத்தேழு செப்டம்பர், சனிக்கிழமை.
பக்கத்து வீட்டு வானொலி சொல்லி முடித்தபோது
நான் சவரம் செய்துகொண்டிருந்தேன்.
பாதி முகம் நுரையோடு
டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

எழுபத்தைந்து கியாட் நோட்டு,
இருநூற்று நாற்பத்தெட்டு.
கெமண்டைன் தமிழ்ச் சபை, கூரை நிதி.
எழுந்தபோது பணம்.
இப்போது
பொட்டலம் மடிக்கக்கூடக் காணாத காகிதம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
சபை கொடுத்தது சில்லறையாகத்தான்:
ஒற்றை நோட்டு, ஐந்து, பத்து,
மஞ்சள் கறை, மீன் வாடை,
சைக்கா மிதிக்கிறவர்களின் வியர்வை.
எலி கடிக்கும், இடத்தை அடைக்கும் என்று
ஜூலையில் எல்லாவற்றையும்
பெரிய நோட்டாக மாற்றியவன் நான்.
பத்திரமாக இருக்கட்டும் என்று
குழுவில் முன்மொழிந்தவனும் நானே.
சிறியவை பிழைத்துக்கொண்டன.
பெரியவை செத்தன.
பதிலுக்கு எதுவும் தரமாட்டார்களாம்.

இரவு முழுக்க மழை.
ஐனிக்கேயாள் ஒரேயொரு தடவை கேட்டாள்:
"பூட்டு நல்ல பூட்டுதானே?"
நல்ல பூட்டுதான். திண்டுக்கல் பூட்டு,
அப்பா கப்பலில் கொண்டுவந்தது.
யாரும் உடைக்கவில்லை.
உள்ளே இருந்தபடியே போய்விட்டது.

ஜெபிக்கப் பார்த்தேன்.
வார்த்தை வரவில்லை, தொகைதான் வந்தது.
பதினெட்டாயிரத்து அறுநூறு,
பதினெட்டாயிரத்து அறுநூறு என்று
முழங்காலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
கர்த்தர் அதையேதான் கேட்டிருக்க வேண்டும்.
வேறெதுவும் அன்று என்னிடம் இல்லை.

ஞாயிறு.
பீடத்துக்கு இடப்புறம் நான்கு வாளி,
ஒரு பழைய எண்ணெய் டின்.
எங்கெங்கே ஒழுகும் என்பது சபைக்கு மனப்பாடம்,
அதற்கேற்ப நெளிந்திருந்தது வரிசை.
போதகர் அறிக்கை வாசிக்கச் சொன்னார்.
எழுந்தேன். புத்தகத்தைத் திறந்தேன்.
"கையிருப்பு" என்றேன்.
அதற்குமேல் நாக்கு எழவில்லை.

வாளிகள் மட்டும் பேசின.

தபித்தாள் எழுந்தாள்,
கருவாட்டுக் கூடைக்காரி.
மகள் கலியாணத்துக்கு வைத்திருந்தது
முந்தின நாளோடு போயிற்று அவளுக்கு.
திட்டப்போகிறாள் என்று தலை குனிந்தேன்.
அவள் பிடியரிசிப் பையை
பீடத்தின் முன்னால் வைத்தாள், எல்லா வாரமும் போல.
உலைக்கு ஒரு பிடி
ஆண்டவருக்கென்று எடுத்து வைக்கிறது.

"நேற்றுமா எடுத்தாய்?"
கேட்டது நான்தான், சபை நடுவில், வெட்கமில்லாமல்.

"நேற்றும் உலை வைத்தேனே."

அவ்வளவுதான் சொன்னாள்.
போய்த் தன் இடத்தில்
சொட்டுக்குத் தப்பி உட்கார்ந்தாள்.
பிறகு ஒவ்வொரு பையாக வந்தது.
பால் டப்பாவால் அளந்தேன்: நாற்பத்தொன்று.
அடுப்பு எரியாத வீடுகளுக்கு அன்றைக்கே போனது.
எங்களுக்கும் இரண்டு டப்பா.
வேண்டாம் என்றேன் நான்.
ஐனிக்கேயாள் முந்தானையை விரித்தாள்.

ஓட்டைக் கையில் காசு நிற்காது என்பார்கள்.
முப்பது வருஷமாகப் பாடுகிறேன்,
ஆணி பாய்ந்த அந்தக் கைகளை.
ஓட்டைக் கைதான் அதுவும்.
ஆனால் சனிக்கிழமை இரவு
அதற்குள்தான் கிடந்திருக்கிறேன்,
தொகையைப் புலம்பிக்கொண்டு, கீழே விழாமல்.

மாலையில் கணக்கை எழுதினேன்.
அரிசி, வரவு நாற்பத்தொன்று.
அரிசி, செலவு நாற்பத்தொன்று.
கையிருப்புக் கட்டத்தில் பேனா நின்ற இடத்தில்
மை ஊறிப் பொட்டானது.
அதை அப்படியே விட்டேன்.

செத்த நோட்டுகளைத் தாரில் தோய்த்து
மூன்றாம் வாளிக்கு நேர்மேலே ஒட்டிப் பார்த்தோம்.
கூரை நிதி கூரைக்கே போகட்டும் என்றான்
மணியடிக்கிற யோபு.
எல்லாரும் சிரித்தோம், நான்கூட.
அடுத்த மழைக்கே உரிந்து தொங்கியது.

பூட்டு இப்போது பெட்டியில் இல்லை.
சாவியைத் தலையணைக்கடியில் வைக்காமல்
அன்றிரவு படுத்தேன்.
நடுவில் ஒருதரம்
பழக்கத்தில் கை தேடிப் பார்த்தது.