அழுக்குப் பக்கம்

விண்டர்தூர். காப்பீட்டு நிறுவனத்தின்
இரண்டாம் கீழ்த்தளம். இரவு இரண்டு பத்து.
அறுபத்து நான்கு மெகாபைட்டில்
நானூறு பேர் குடித்தனம்.
இடம் போதாது என்பதை
ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான்
இந்த இயந்திரத்தின் முழுநேர வேலை.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் எண்.
தொட்டால் பூச்சியம்.
தொடாமல் விட்ட நொடிக்கு ஒன்று ஏறும்.
எண் முற்றியவரைத் தூக்கி
முதலில் பக்கத்து நினைவகத்துக்கு,
அங்கும் யாரும் தேடி வராவிட்டால்
சுழலும் வட்டுக்கு.
முன்னறிவிப்பு கிடையாது.
நியாயமாகத்தான் படுகிறது,
என் பக்கம் வராதவரை.

மாறாத பக்கத்துக்குப் பயணமே இல்லை.
பிரதிதான் வட்டில் இருக்கிறதே,
அதன்மேலேயே அடுத்தவரை உட்கார வைக்கலாம்.
ஓர் எழுத்து திருத்தியிருந்தாலும் போதும்,
அதற்குப் பெயர் அழுக்குப் பக்கம்.
அதைச் சிந்தாமல் சுமந்துபோக வேண்டும்.
சுத்தமானதை விட்டுவிடு, அழுக்கைக் காப்பாற்று:
பயிற்சியில் ரேட்டோ இதைச் சொன்னபோது
சிரித்தது நான் மட்டும்தான்.

இன்று ஓய்வூதியக் கணக்கு
திரையில் ஒன்று கேட்டது:
நாடா 4471 ஏற்றியாயிற்றா?
நான் காப்பி இயந்திரத்தின் முன்
இருபது ராப்பன் நாணயத்துக்காகப்
பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
சட்டைக் கையில் சிந்திக்கொண்டு ஓடி வந்தால்
கேள்வி இருந்தது, கேட்டவர் இல்லை.
நீண்ட காத்திருப்பு என்று முடிவுகட்டி
மூட்டை முடிச்சோடு வட்டுக்கு அனுப்பியாயிற்று.
நாடாவை ஏற்றி, ஆம் என்று தட்டினேன்.
வந்து உட்கார்ந்தது,
பாதியில் விட்ட அதே கூட்டலில்,
தான் இல்லாமல் இருந்தது தெரியாமல்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி.
சலவை அறை எனக்குப் புதன்கிழமை,
ஏழு முதல் பத்து வரை. சுவரில் அட்டவணை.
துணியைப் போட்டு, பொத்தானை அழுத்தி,
மேலே வந்து, காலணியோடு
ஒரு நிமிடம் கண்ணை மூடினேன்.

எண் ஏறியிருக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு இறங்கிப் போனால்
இயந்திரத்துக்குள் திருமதி எக்லியின் துண்டுகள்
சுற்றிக்கொண்டிருந்தன.
என்னுடையவை தாழ்வாரத்தில், கூடையில்,
ஈரத்தோடே மடித்து.
மேலே பென்சிலில் எழுதிய சீட்டு:
பத்து மணி ஐந்து நிமிடம். காலுறை ஏழு.

ஏழா? எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.
எட்டாவது எந்தத் தட்டில் இருக்கிறதோ.
அடியில் சட்டை.
கையில் நேற்றிரவின் காப்பிக் கறை,
அறுபது டிகிரி வெந்நீரையும் தாண்டி,
ஓரம்கூடக் கலையாமல்,
பத்திரமாக.