பதினேழாம் கேள்வி

அதிகாலை நாலரைக்குக்
குறும்பனையில் புறப்படுகிறது
அறக்கட்டளையின் வேன்.
டீசல் அவர்கள் செலவு.
படிவமும் நானும்
பல்கலைக்கழகத்துச் செலவு.

வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"சாள வெலபோல, மக்களே,
காலத்த ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு"
என்றாள் டெல்பினம்மாள்.
களியக்காவிளை தாண்டும்வரை
அதற்கொரு எண் தேடினேன்.

பதினேழாம் கேள்வி:
தேவைப்படும் உதவி?
வண்டிச்செலவு, விக், சத்துமாவு
எல்லாம் பட்டியலில் இருந்தன.
"திரும்பி வரும்போ
பக்கத்தில ஒரு ஆளு.
ஒண்ணும் கேக்காத ஆளு."

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மாலை, பாறசாலை நெரிசலில்
பேனாவை மூடிவிட்டு
அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.
ஜன்னலை யாரும் சாத்தவில்லை.
மடியில்
மீதி ஆறு கேள்விகள்
மழையில் நனைந்துகொண்டிருந்தன.